காதொலிக் கருவி இல்லாமல் நடந்த விசாரணை

அனுப்புநர்
மூன்றாம் ஆண்டு மாணவி,
கணிதத் துறை,
மகளிர் விடுதி.

பெறுநர்
துணைவேந்தர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: என் காதொலிக் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு நடத்திய விசாரணையை ரத்து செய்யவும், வரும் திங்களன்று தேர்வெழுத அனுமதிக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வலது காது பிறவியிலேயே கேட்காது. இடது காது கருவி இருந்தால் மட்டும் கேட்கும். சேர்க்கையின்போதே மருத்துவச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். முடியை இறக்கி வாரிக் கருவியை மறைத்துக்கொள்வேன். பள்ளியில் என்னை 'ரேடியோ' என்று கூப்பிட்டதால் வந்த பழக்கம் அது. அதுவே இப்போது வினையாகிவிட்டது.

2. சென்ற வாரம் இயற்கணிதத் தேர்வில், மின்விசிறிக் காற்றில் முடி விலகிக் கருவி வெளியே தெரிந்தது. விசிறி இரைச்சலில் பேச்சு விளங்காமல், கண்காணிப்பாளரின் உதட்டசைவில் 'புளூடூத்' என்ற சொல்லை மட்டும் படித்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் கருவியைக் கழற்றி, தடயம் என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டார். விடைத்தாளையும் வாங்கிக்கொண்டார்.

3. மறுநாள் ஒழுங்கு விசாரணைக் குழு கூடியது. உறை மேசை மேலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தலைவர் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததால் அவர் முகம் இருட்டாகத் தெரிந்தது. இன்னொரு பேராசிரியர் வாயைக் கையால் மூடியிருந்தார். மூன்றாமவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. காது கேட்கவில்லை, கருவியைக் கொடுங்கள் என்று முதலிலேயே சொன்னேன். என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் முகம் சுளித்ததைப் பார்த்தால், கத்தியிருப்பேன் போலிருக்கிறது. பயந்துபோய் அதன்பின் பேசவில்லை.

4. காது கேட்காதவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் சிரித்தால் நாங்களும் சிரிப்போம். புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தால் தலையை ஆட்டுவோம். ஓயாமல் "என்ன, என்ன" என்று கேட்டுத் திட்டு வாங்குவதைவிட அது மேல் என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். அன்றும் ஆட்டினேன். ஆட்டும்போதெல்லாம் தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். 'மாணவி குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று ஆணை வந்தது. இரண்டு ஆண்டுகள் தேர்வெழுதத் தடை.

5. என் தாயார் தையல் வேலை செய்பவர். "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதானேடி" என்று செல்பேசியில் எழுதி அனுப்பினார். சொன்னேன் அம்மா என்று பதில் எழுதினேன்.

6. தேர்வுப் பிரிவில் முறையிட்டேன். ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீடு கிடையாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே சங்கு ஊதுகிறவள்தான் செவிடு. கேட்க வேண்டியவர்களுக்குக் காது நன்றாகவே இருக்கிறது. மனுவில் இப்படி எழுதுவது முறையல்ல என்று தெரியும். வயிறு எரிகிறது ஐயா, எழுதிவிட்டேன்.

7. ஆகவே, அந்த உறையைப் பிரித்து, கருவியை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டுகிறேன். பின் அதை என்னிடம் தந்து, என் தரப்பில் ஒருவரை உடன் வைத்து, கேள்விகளை எழுத்தில் கொடுத்து மறுபடி விசாரியுங்கள். அதுவரை தடையை நிறுத்தி வையுங்கள். கருவி வரத் தாமதமானாலும் திங்களன்று எழுதுவேன். கணக்குப் போடக் காது தேவையில்லை.

இவற்றில் எதுவுமே இயலாது என்றால், அன்று குழுவினர் என்னிடம் கேட்ட கேள்விகளையாவது எழுதி அனுப்புங்கள். எதற்கெல்லாம் ஆம் என்று தலையாட்டினேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மகளிர் விடுதி

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மூன்றாம் ஆண்டு மாணவி, கணிதத் துறை