இடுப்பளவு நீர்

குவாலா சிலாங்கூர்
14.3.1985

அன்புள்ள ஜாபர் நானாவுக்கு, தங்கை நஜீபா ஸலாம் கூறி எழுதுவது. உம்மாவும் வாப்பாவும் சுகம். நீங்கள் பனிக்கடலிலிருந்து திரும்பி ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் துறைமுகத்தில் போட்ட கடிதம் கிடைத்தது. வாப்பா கேட்டதால் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை எனக்குக் குமட்டிவிட்டது.

இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. தாளில்தான் வரும்.

கூனி அரைத்து பெலாச்சான் போடும் நம் கொட்டகையைப் பூட்டி இன்றோடு ஒன்பது நாள். அன்று காலையில் வாங்கிய மூன்று கூடை கூனி இறால், உப்புப் போடாமல் உள்ளேயே கிடக்கிறது. பலகை இடுக்கில் கறுப்பாய் நீர் வழிகிறது. புழு வாசல்வரை வந்துவிட்டது. சோற்றில் கை வைத்தாலும் அந்த நாற்றம்தான். ஆனால் என் அருவருப்பு அதனால் மட்டும் இல்லை.

பூட்ட வந்த மீன்துறை ஆபிசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போன வருடம் நீங்கள் கொடுத்த அறிக்கையை வாசித்தார். இந்தக் கரையில் கூனி அருகிவிட்டதாம், இனி கூனி பிடிக்கத் தள்ளுவலைக்கு லைசென்ஸ் கிடையாதாம், அதை வாங்கி அரைக்கும் கொட்டகைக்கும் கிடையாதாம். எழுதியவர் ஜாபர் என்றதும் வாப்பா சிரித்தார். அதே அறிக்கையைத்தான், மகன் பெயர் அச்சில் வந்திருக்கிறதென்று, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன் நானா.

நமக்குக் கூனி பிடித்துத் தரும் இருசப்பன் அண்ணன், "தம்பி கணக்குல கூனி இல்லையாம். அப்ப நான் நேத்து தூக்குனது என்னா லா, கொசுவா?" என்று கேட்டார்.

நீங்கள் கூனியை எண்ணிய அன்று படகில் தண்ணீர் மொள்ளும் போத்தல் பிடித்தவள் நான். மைலுக்கு ஓர் இடமாக ஐந்து இடம், ஐந்தும் ஆழத்தண்ணீர். கூனியோ அன்று கரையோரச் சேற்றில், இடுப்பளவு நீரில், நம் வீட்டு அகலத்துக்குச் சிவப்பாய் ஒதுங்கியிருந்தது. படகு அங்கே போகாது. எனக்குத் தெரியும். பள்ளியில் படிவம் இரண்டோடு நின்றவள் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். என்னை நினைத்தாலும் சீ என்றுதான் இருக்கிறது.

இப்போது நீங்களே எழுதுகிறீர்கள், பனிக்கடலில் கூனி மாதிரி ஒரு பூச்சியை எண்ணப் போய் இரண்டு நாள் வலை வெறுமை, மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் கப்பலைச் சுற்றிக் கடலே சிவப்பு என்று. கூட்டத்தைவிட அளக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கூட்டமே கணக்கில் விழாமல் போகும், கிட்டக்கிட்ட அளந்தால் ஒரு கடல், எட்ட எட்ட அளந்தால் வேறு கடல் என்று கப்பலில் உங்கள் பேராசிரியர் சொன்னாராம். நீங்கள் அசந்து போனீர்களாம். ஆறு பக்கக் கடிதத்தில் நம் சேற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே இருக்கும் பூச்சிக்கு ஒரு நியாயம், இங்கே இருக்கும் கூனிக்கு ஒரு நியாயமா?

கொட்டகையைப் பூட்டியது பற்றி ஏப்ரல் 22 விசாரணை. பேராசிரியர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, நீங்கள் மைலுக்கு ஒரு தடவைதான் அளந்தீர்கள், சேற்றில் அளக்கவில்லை என்பதையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டு ஆபிசருக்கு உடனே அனுப்புங்கள். நான் சொன்னால் அங்கே யார் கேட்பார்கள்?

இதையெல்லாம் எழுதாதே, பிள்ளை மனசு சங்கடப்படும் என்றார் வாப்பா. அறிக்கையை அவர் இன்னும் கழற்றவில்லை. காலையில் எழுந்ததும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறார்.

அந்தக் குளிரில் அல்லாஹ் உங்களைக் காக்கட்டும். நீங்கள் திருத்தி எழுதினாலும் உங்கள் பெயர் அந்தச் சுவரிலேயே இருக்கட்டும் நானா.

உங்கள் தங்கை
நஜீபா