சிவந்த தண்ணீர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

மூன்று கிளையாறுகள் கலந்து வரும் இடத்தில் தினமும் நீர்மட்டம் அளக்கிறேன் அல்லவா? நிறத்தைப் பார்த்தே எந்த ஆற்றுப் பக்கம் மழை என்று சொல்லிவிடலாம். வியாழனன்று தண்ணீர் சிவந்து வந்தது. சிவப்பு என்றால் நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறுதான். அளவுகோலை மறந்து அதையே பார்த்து நின்றவன், படியில் வழுக்கி இடுப்பளவு நீரில் விழுந்தேன். அடி ஒன்றுமில்லை. படகுக்காரர்தான், "வீட்டுக்காரம்மா ஊருத் தண்ணின்னதும் காலிலேயே விழுந்துட்டீங்களேண்ணே!" என்று சிரித்தார்.

மழை பெய்தால் அன்றே எழுதிப் போடு. கடிதம் நாலு நாளில் வரும்; தண்ணீர் ஐந்தாம் நாள். வேறொன்றும் எழுத நேரமில்லையென்றால் 'மழை' என்று மட்டும் எழுது, போதும். இந்த முறை படியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தபால் வண்டி வந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா