நீ போனில் பேசியபோது அங்கே இருந்தவர்கள்

என் கண்ணான பிள்ளைக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன வியாழக்கிழமை வார்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், போனில் உனக்கு அது தெரிந்திருக்காது. கட்டிலில் உன் மகள் சிட்டு. கால்மாட்டில் காக்கிச் சட்டையோடு உன் பெண்டாட்டி. மருந்துப் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த குட்டை நர்ஸ். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அப்பா, அந்தத் தச்சர். வாசலில் பஸ் டிப்போ மேனேஜர். போனைப் பிடித்துக்கொண்டு நான். சிட்டுவுக்கு ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் வாந்திக் கிண்ணம், அதனால்தான் உன்னை ஸ்பீக்கரில் போட்டேன். நீ பேசியதை ஆறு பேரும் கேட்டோம், தூங்கிக்கொண்டிருந்த தச்சர் மகளைச் சேர்க்கவில்லை.

மேனேஜருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். காலை டூட்டி முடித்து ஒன்பது மணிக்கு வர வேண்டிய உன் பெண்டாட்டி, வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றதால் பத்தே காலுக்குத்தான் வந்தாள், அதற்குள் பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டது. பஸ்ஸை ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஓடி வந்தவள் சாவியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே வந்துவிட்டாள். அங்கே அடுத்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கையைப் பிசைகிறார், ஏறி உட்கார்ந்த ஜனமெல்லாம் அவரைத் திட்டுகிறது. மேனேஜரே மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார், சண்டை போடத்தான் வந்தார், முகத்திலேயே தெரிந்தது. சிட்டுவின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "நமக்கு ஒரே இடத்துலதான் முடி வெட்டுறாங்க போல" என்றார். நாலு நாளைக்கு அப்புறம் பிள்ளை சிரித்தது. அந்த நேரம் பார்த்து உன் போன் வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இவள் இப்போதுதான் வந்தாள் என்று சொல்லித் தொலைத்தேன். உடனே நீ, "பெத்த பிள்ளை இப்படிக் கிடக்குது, இவளுக்கு வேலை பெருசாப் போச்சு, இவளெல்லாம் ஒரு தாயா" என்றாய்.

அவள் "சரிங்க" என்றாள், அவ்வளவுதான். சாவியை மேனேஜர் கையில் கொடுத்தாள். தச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, நன்றாக இருக்கிற கொண்டியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அவள் கிண்ணத்தைக் கழுவப் போன பிறகு சிட்டு என்னைக் குனியச் சொல்லிக் காதருகே, "பாட்டி, அம்மா வேலைக்குப் போறதாலதான் எனக்கு உடம்புக்கு வந்துச்சா" என்று கேட்டது. இதை உனக்கு எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

ஏழு மாதமாக ஒரு வியாழக்கிழமை தவறாமல் அவள் வார்டில் இருக்கிறாள் என்றால், ஐந்து டிரைவர்கள் தங்கள் டூட்டி நேரத்தை மாற்றிக் கொடுத்ததால்தான். அதற்குப் பதிலாக இவள் தினமும் விடியும் முன்னால் முதல் வண்டியை எடுக்கிறாள். இந்த வைத்தியமே அவள் வேலைக்குக் கொடுத்த காப்பீட்டு அட்டையில்தான் நடக்கிறது, அது உனக்கும் தெரியும், கோபத்தில் மறந்துவிட்டாய். மறுநாளே வேலையை விடுவதாக எழுதிக் கொண்டுபோய் நீட்டிவிட்டாள். மேனேஜர் வாங்கிக்கொண்டு, "கண்ணாடியைக் காணோம்மா, கிடைச்சதும் படிக்கிறேன்" என்றாராம். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்ததாம். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் கிடைக்காது என்று எனக்கு மட்டும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். முதல் மாதம் லீவு கிடையாது என்று சொன்ன மனுஷன் என்று அவர் மேல் எனக்கு ஒரு கறுவல் இருந்தது, இதோடு அதை விட்டேன். மூன்று தடவை நரம்பு தவறிக் குத்திய குட்டை நர்ஸையும் விட்டுவிட்டேன்.

உன் அத்தையோடு முப்பத்தோரு வருஷமாக ஏன் பேசவில்லை என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். உனக்கு ஐந்து வயது, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மில்லில் ஷிப்டு முடித்துத் தலையெல்லாம் பஞ்சோடு ஓடி வந்தேன். பச்சைப் புடவை கட்டி, பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் முன்னால் அவள் என்னிடம் கேட்டது இதே கேள்விதான். அது உன் வாயிலிருந்தும் வரும் என்று நான் நினைக்கவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குப் பயம் இரட்டிப்பு, தெரியும். பயம் இங்கேயும்தான் இருக்கிறது, நாங்கள் யாரும் அதை இன்னொருத்தர் தலையில் கொட்டவில்லை.

வரும் வியாழக்கிழமை பத்தரை மணிக்குப் போன் செய். அதே ஆறு பேரும் இருப்போம், மேனேஜரையும் வரச் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரில்தான் போடுவேன். அவளிடம் தனியாகச் சொல்லி மழுப்பிவிடாதே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னதை எல்லார் காதிலும் விழும்படிதான் திரும்ப வாங்க வேண்டும், முக்கியமாகச் சிட்டு காதில். இன்னும் நாலு தடவை மருந்து ஏற்ற வேண்டுமாம், ரத்தம் தேறி வருகிறது என்கிறார் டாக்டர். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் நோய்நொடி இல்லாமல் ரொம்ப வருஷம் இருக்க வேண்டும், அதைத்தான் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அத்தையைக்கூட இந்த வாரம் மன்னித்துவிட்டேன், அவள் என்னைத்தான் குத்தினாள், பிள்ளை உன் மனசை நோகவைக்கவில்லை. இனி என் மனசில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பேர். அந்தப் பேரை உனக்கு வைத்தவளே நான்தான்.

வியாழக்கிழமை போனைப் பிடித்துக்கொண்டு இருக்கப்போகிற,
உன் அம்மா