மஃரிபின் நாலாவது ரக்அத்

கலேவெல
14.06.2006

மஸீஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். மகளுக்கு முன்பல் ஆடுகிறது. வாப்பா வரும்வரை விழக் கூடாதாம், அந்தப் பக்கம் கடிக்காமலே சாப்பிடுகிறாள்.

உங்கள் தம்பி ஸஹாப்தீனுக்கு அங்கே உங்கள் ஸ்டோரில் வேலைக்கு விசா கிடைத்துவிட்டது என்று நீங்கள் போனில் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். சந்தோசத்தில் என்று நினைத்திருப்பீர்கள். மாமி பக்கத்தில் இருந்தாங்க, பெற்றவங்க முன்னால் இதைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான். கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

தேங்காய், பருப்பு, மகளின் இருமல் மருந்து என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினால் தேங்காயோடு வருகிறான். மற்றது கடைவாசலில் நிற்கும்போதே மனதை விட்டுப் போய்விடுகிறதாம். கடை ஜமால்தீன் முதலாளி, “தம்பி யாரையோ மனசுல வச்சிருக்கு, மொதல்ல நிக்காஹ முடிங்க” என்று சிரிக்கிறார். அவன் சிரிப்பதில்லை. இரவில் தூங்குவதுமில்லை. ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பள்ளிவாசலுக்குப் போவதையும் விட்டுவிட்டான். பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்கு வீட்டில் அவன்தான் எங்களுக்குத் தொழ வைக்கிறான்.

போன மாதம் ஒருநாள் மஃரிபின் மூன்று ரக்அத்தும் முடிந்து உட்கார வேண்டியவன் நாலாவதுக்கு எழும்பிவிட்டான். பிழையைச் சொல்லப் பின்னால் நிற்கும் பெண்கள் வாய் திறக்க முடியாதே, மாமி கையைத் தட்டினாங்க. உடனே உட்கார்ந்தான். அதன்பிறகு அடிக்கடி தட்ட வேண்டியதாயிற்று.

மாமிக்குச் சொல்லாமல் அவனைக் கண்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஆமிக்காரர் எங்கிருந்து, எங்கே, எதற்கு என்று சேர்த்துக் கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் இடையில் புகுந்தேன். அங்கே உங்கள் ஸ்டோரில் யார் புகுவார்கள்?

டொக்டர் சில இலக்கங்களைச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். கடைசி இலக்கத்தைச் சொல்வதற்குள் மற்றவை அவனிடம் இல்லை. இது சோம்பல் இல்லையாம். கேட்டதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்க மனதுக்கு இயலவில்லையாம். இப்போதே வருத்தம், நோய் என்று சொல்ல முடியாது, பெரிதாக வரலாம், வராமலும் போகலாம். இல்லாத சத்தம் ஏதும் கேட்கிறது என்றால் உடனே கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது மாமி, “காலேஜ் படிச்சா எல்லாத்துக்கும் ஒரு நோவு சொல்ற. புள்ள வெளிநாடு போனா நேராகிருவான்” என்றாங்க.

திங்கட்கிழமை மஃரிபில் எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது ரக்அத்தில் சட்டென்று உட்கார்ந்து, தொழுகையை முறித்துத் திரும்பினான்.

“சரியாத்தானே தொழுதேன் மதினி. ஏன் சும்மா சும்மா கை தட்டுறீங்க?”

நாங்கள் இரண்டு பேரும் தட்டவில்லை. மகள் அடுத்த வீட்டில் ஓதிக்கொண்டிருந்தாள்.

மாமிதான், “நான்தான் மகன் தட்டின. தெரியாமத் தட்டிட்டேன். நீ தொழு” என்றாங்க.

அவன் திரும்பி நின்று முதலிலிருந்து தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினான். நெற்றியைத் தரையில் வைத்த மாமி ஸுஜூதிலிருந்து எழும்ப வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு அவன் பயணத்தைப் பற்றி அவங்க வாயே திறக்கவில்லை.

நாளைக்கு அவனைக் கண்டிக்குக் கூட்டிப் போகிறேன். மாமியும் வருகிறேன் என்று உடுப்பு எடுத்து வைத்திருக்கிறாங்க. அவனுக்கு டிக்கட் மட்டும் அனுப்பாதீர்கள். “நானாவுக்கு என்மேல கோபமா” என்று தம்பி உங்களிடம் கேட்பான். இல்லை என்று உங்கள் வாயாலேயே போனில் சொல்லுங்கள். ஒரே ஒரு விசயம்தான் சொல்லுங்கள், மெதுவாக.

இன்றும் அவன்தான் தொழ வைத்தான். என் கை அசைந்துவிடக் கூடாது என்று நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றேன். அல்லாஹ் உங்களை அங்கே பத்திரமாக வைத்திருக்கட்டும். இவனை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

துஆவுடன்,
மஸீஹாவின் உம்மா