முழங்கால் வலியும் மோத்தியும்

அண்ணே,

இன்று காலை ரயிலடிப் பக்கம் போயிருந்தேன். ஜட்கா நிற்கும் இடத்தில் ஒருவர் குதிரைக்கு அவித்த கொள்ளைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சூடான வாசனை பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததை இன்று எழுதுகிறேன்.

நம்மைச் சேர்த்துவைத்தது முழங்கால்தான். ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில், வெள்ளைக் குதிரைமேல் ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, முண்டாசு, நிமிர்ந்த முதுகு. யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலில் கூட்டம் கலைந்த பிறகு, சேணத்தைக் கட்டிப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து இறங்கினீர்கள். யாரும் பார்க்காத நேரத்துக்காகத்தான் அவ்வளவு நேரமும் காத்திருந்தீர்கள் என்று அப்போது புரிந்தது.

உள்ளே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உனக்கும் முட்டியா தம்பி?" என்று கேட்டீர்கள்.

"தறிக்குழியில கால மடக்கி மிதிச்சி மிதிச்சி இப்படி ஆயிடுச்சிண்ணே."

"எனக்கு குதிர. மோத்தின்னு பேரு" என்றீர்கள். சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

டாக்டர் நம் இருவருக்கும் ஒன்றையேதான் சொன்னார். மூட்டு தேய்ந்துவிட்டது, தேய்ந்தது திரும்ப வளராது. மாத்திரை, வெந்நீர் ஒத்தடம். என்னைத் தறியில் உட்காரும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். உங்களைக் குதிரை ஏறவே வேண்டாம் என்றார்.

"ஆத்துக்கு அந்தாண்ட நெலம் இருக்குதுங்க" என்றீர்கள். "மணல்ல சைக்கிளு உருளாது. மாட்டு வண்டி கட்டினா போவ வர பாதி நாளு பூடும்."

"மெல்ல நடந்து போய்ப் பாருங்களேன்" என்றார் அவர்.

நீங்கள் நடந்தும் பார்த்தீர்கள். பாலாற்று மணலில் கால் புதையப் புதைய நடந்து, இரண்டு முட்டியும் வீங்கிப் படுத்துவிட்டீர்கள். சேதி கேள்விப்பட்டு பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஐயம்பேட்டை வந்தேன். அண்ணி வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"யார் கூடவும் பேசறதில்லப்பா. பொழுதன்னைக்கும் கொட்டாயாண்ட போயி மோத்தி மூஞ்சிய பாத்துக்கினு நிக்கறாரு. மெட்ராஸ்லேர்ந்து பையன் வந்து, வித்துடலாம்னு சொல்லிட்டு போயிருக்கறான். அப்பலேர்ந்து சோறும் சரியா எறங்கல."

உங்கள் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். "வலி கூட பெரிசில்ல தம்பி" என்றீர்கள். "நாலு பேரு எதிர்ல எறங்க முடியாம மேலயே மாட்டிக்கினு நிக்கணுமே, அதான். சின்ன வயசுலேர்ந்து என்ன குதிரைமேல பாத்த ஊரு."

எனக்குத் தெரிந்த தறிக் கதையைத்தான் சொன்னேன். என் மைத்துனர் நான் உட்காரும் பலகைக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தார். முட்டி அவ்வளவாக மடங்க வேண்டியதில்லை. வலி போகவில்லை, ஆனால் மதியம்வரை தாங்கியது. நீங்கள் கேட்டுக்கொண்டே எழுந்து, சுவரைப் பிடித்தபடி கொட்டகைக்குப் போனீர்கள். சேணத்தின் இருபுறமும் கால் வைக்கத் தொங்கும் அங்கவடியைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். எப்போதும் அதை உயர்த்திக் கட்டி, முட்டியை நன்றாக மடக்கித்தான் சவாரி செய்வீர்களாம். "இத எறக்கினா?" என்று என்னைக் கேட்டீர்கள். எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்?

வாரைத் தளர்த்தி அங்கவடியை இறக்கினீர்கள். ஏறுவதுதான் மிச்சமிருந்தது. அண்ணி கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொட்டகை வாசலில் கல்லை அடுக்கி இடுப்பளவு மேடை கட்டவைத்தார், பக்கத்தில் மூன்று படியோடு. உங்களுக்கு இடது முட்டிதான் மோசம். வழக்கம்போல் இடப்பக்கமிருந்து ஏறினால் முழு எடையும் அந்தக் காலில் விழும்; அதனால் வலப்பக்கமிருந்து ஏற வேண்டும். மோத்திக்கோ அந்தப் பழக்கமே இல்லை. முதல் நாள் நீங்கள் காலைத் தூக்கியதும் அது விலகிவிட, வைக்கோல்மேல் விழுந்தீர்கள். நான் பதறி ஓடிவந்தேன். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னார்.

அதன்பின் தினமும் அண்ணி வெல்லத் துண்டோடு மோத்தியின் முகத்தருகே நின்றார். நீங்கள் ஏறவில்லை. மேடைமேல் அதன் வலப்பக்கம் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தீர்கள், கையால் அழுத்தினீர்கள், இறங்கிவிட்டீர்கள். நான் அடுத்த முறை வந்தபோது மேடையோரம் அது சிலைபோல் நின்றது. ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் நடந்து முட்டி இளகிய பிறகு ஏறுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் போவது, ஓட்டம் கிடையாது, நடை மட்டும் என்று நீங்களே சட்டம் போட்டுக்கொண்டீர்கள். அக்கரையில் வரப்பு மேடையாயிற்று. டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "ரொம்ப வீங்கினா மட்டும் நிறுத்திடுங்க" என்றார்.

முதன்முதலாக மறுபடி ஆற்றைத் தாண்டிய நாளில், சேணத்து வாரைப் பிடித்துக்கொண்டு நானும் மெல்ல நடந்து வந்தேன். நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நடு ஆற்றில் உங்கள் முகம் வெளுத்தது. இடது முட்டி பூட்டிக்கொண்டது. அங்கவடியிலிருந்து இரண்டு காலையும் எடுத்துத் தொங்கவிட்டீர்கள். மோத்தி தானாக நின்றது. சுற்றிலும் வெயில் காயும் மணல். நான் குதிரையின் நிழலில் நின்றேன். எதிரே வைக்கோல் வண்டி ஓட்டிவந்த உங்கள் ஊர்க்காரர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாண்ணே, நடு ஆத்துல நின்னுட்ட?"

நீங்கள் எதையாவது சொல்லிச் சமாளிப்பீர்கள் என்று நினைத்தேன். கடிவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நிமிர்ந்தீர்கள்.

"முட்டி பூட்டிக்கிச்சிப்பா. ஊட்டாண்ட வந்து எறங்கறதுக்கு ஒரு கை குடு."

அவர் சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நமக்குப் பின்னாலேயே வந்தார். வாசலில் அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் உங்களைத் தாங்கி மேடையில் இறக்கினோம். "முட்டி சரியில்லமா" என்று நீங்களே அவர்களிடம் சொன்னீர்கள். அண்ணி மோர் கொண்டுவந்தார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டீர்கள்.

அதன்பிறகும் பல வருடம் ஆற்றைத் தாண்டினீர்கள். வலி போகவே இல்லை. சில வாரம் கொட்டகைக்குப் போவதோடு சரி. மோத்தியை விற்கும் பேச்சை உங்கள் மகனும் விட்டுவிட்டார். போன தை மாதம் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் உங்களைக் குதிரைமேல் பார்த்த கதையைத்தான் சொன்னார்கள்.

போன வாரம் கோயில் குளத்தில் கால் அலம்பிவிட்டு ஏறும்போது என் வலது முட்டி பூட்டிக்கொண்டது. நாலா பக்கமும் ஆட்கள். மேல்படியில் முன்பின் தெரியாத ஒருவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஐயா, முட்டி மடங்கல. ஒரு கை குடுங்க" என்றேன்.

குரலைத் தாழ்த்தத் தோன்றவில்லை. அவர் வேட்டியை அப்படியே வைத்துவிட்டு இறங்கிவந்தார்.