சவரிமுத்து மாமாவுக்குப் போட்ட மாலை

அப்பா,

பிள்ளையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தால், என் நகக்கண்ணில் இன்னும் நம்மூர்க் களிமண். ஊரிலிருந்து திரும்பிய பிறகும் போகவில்லை. எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. நீங்கள் வயலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது அம்மா, "அந்த நகத்தப் பாருங்க, கருமம்" என்பாள். "மண்ணுதானடி, மருந்தா?" என்று நீங்கள் பாட்டுக்குச் சோற்றைப் பிசைவீர்கள்.

நீங்கள் போன அன்று நான் கோயம்புத்தூரில் வயிற்றுத் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இவள் பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அடக்கத்தைத் தம்பி செல்போனில் காட்டினான். நடுவில் சிக்னல் போய்விட்டது. பாதி ஜெபமும் யாருடைய குடையோ ஒன்றும்தான் நான் கண்டது. "புள்ள பொறந்தா மொதல்ல எங்கிட்ட காட்டிட்டுத்தான் மத்தவங்களுக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அது முடியாமல் போயிற்றே என்று மாதக்கணக்கில் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு எப்படியும் வந்து காட்டிவிடுவதென்று கிளம்பினேன்.

"பச்சப்புள்ள, மழை வேற" என்று அம்மா தடுத்தாள். கேட்பேனா? உங்கள் மகள்தானே. முட்டிவலிக்காரி மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டு, இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். "வேலியோரம், கடைசி வரிசை, புது மண்ணா இருக்கும்" என்றாள்.

போய்ப் பார்த்தால் அங்கே இரண்டு புது மண்மேடுகள். சிலுவையில் சுண்ணாம்பால் எழுதிய பெயர்கள் மழையில் கரைந்திருந்தன. உயரமாக இருந்ததுதான் நீங்கள் என்று முடிவு செய்தேன். யாருக்கும் தணிந்து போகிற ஆளா நீங்கள்? சாமந்தி மாலையைப் போட்டேன். சரிந்திருந்த மண்ணைக் கையால் அணைத்துக் கட்டினேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன். பிரசவ வலி, தையல், இவள் இராத்திரியெல்லாம் படுத்துகிற பாடு, நீங்கள் இல்லாத கோபம் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

நிமிர்ந்தால், மண்வெட்டியோடு லூர்து அத்தை நிற்கிறாள். மடைத் தண்ணீருக்காக உங்களோடு வருஷம் தவறாமல் மல்லுக்கட்டிய மேல்வயல் சவரிமுத்து மாமாவின் மனைவி. உங்களுக்குப் பின்னாலேயே அவரும் போய்ச் சேர்ந்தார் என்று அம்மா சொல்லியிருந்தாள். சண்டை போட ஆளில்லாமல் எப்படி இருப்பார், பாவம்.

"அழுது முடிக்கட்டும்னுதான் பாப்பா பேசாம நின்னேன். இது எங்க வீட்டுக்காரரு. ஒங்கப்பா பக்கத்துல."

எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. மாலையை எடுக்கக் கையை நீட்டினேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி. ஒம்புள்ளைய இவரு மொதல்ல பாத்துட்டாரா! ஒங்கப்பா அங்க கெடந்து குதிப்பாரே!" என்றவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு மண்வெட்டியால் காட்டினாள். "இங்க வந்தும் மேட்டுல படுத்துக்கிட்டு ஒங்கப்பா மேலதான் தண்ணிய வுடுறாரு, பாத்தியா? நான்தான் ஒவ்வொரு மழைக்கும் வந்து வடிச்சு வுடுறேன்."

இரண்டு மேடுகளுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால். உங்களைச் சுற்றி வளைத்து வேலிப்பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூட வாயில் வைத்ததில்லை நீங்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாலையில் பாதியை அத்தையே அறுத்து உங்கள் மேல் வைத்தாள்.

உங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். சொல்ல வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தாயிற்று. "அப்பா, பேத்தி வந்திருக்கா" என்று முனகத்தான் முடிந்தது.

"சத்தமாச் சொல்லு. பம்ப்செட் எஞ்சின் பக்கத்துலயே கெடந்து ஒங்கப்பாவுக்குக் காது போயி எத்தன வருஷமாச்சு!"

கத்தினேன் அப்பா. வெட்கமில்லாமல், அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை மிரண்டு என்னைவிடச் சத்தமாக அழுதாள். அந்த அழுகையாவது உங்களுக்குக் கேட்டிருக்கும்.

தொண்டை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பாலில் பனங்கற்கண்டு போட்டுக் குடி, சரியாகிவிடும் என்று அம்மா தினமும் போனில் சொல்கிறாள். நான் குடிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.