முடிச்சுக்குக் கீழே

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்குத் தேவலை. போன வருஷம் விழுந்ததில் உடைந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது. நாக்குக்கு மட்டும் அடிபடவே இல்லை. நேற்றுகூட என் சமையலைப் பற்றி, "பசிக்குச் சாப்பிடலாம், ருசிக்கு இல்ல" என்றார்.

நாலு வருஷம் முன்பு நீ விட்டுப்போன தொட்டி ஆரஞ்சு பூத்திருக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை, மேலே இருந்த கிளை சோனியாகவே நின்றது. அடித்தண்டிலிருந்து ஒரு தளிர் கிளம்பி வாட்டசாட்டமாக வளர்ந்தது. சோனியை வெட்டி இதற்கு வழிவிட்டேன். இலை மூன்று மூன்றாக, முள் கோணி ஊசி மாதிரி. அப்பா நாற்காலியைப் பால்கனிக்கே மாற்றிவிட்டார். "பழுத்ததும் வரேன்னாளே, வந்துருவா இல்ல?" தினமும் இதே பேச்சு.

உன் குண்டன்

ஏப்ரல் 19

குண்டா,

இலை மூன்று மூன்றாக என்றதும் புரிந்துவிட்டது. அது ஒட்டுக்கன்று. தண்டில் முடிச்சு மாதிரி இருக்குமே, அதற்கு மேலேதான் ஆரஞ்சு. கீழே இருப்பது வேருக்காக வைத்த முள்மரம். அதன் பழம் வாயில் வைக்க முடியாத கசப்பு. நீ வெட்டியது ஆரஞ்சை.

உன்மேல் தப்பில்லை. கீழே துளிர்த்தால் கிள்ளிவிடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்பாவிடம் நீ சொல்லாதே. நானே பக்குவமாக எழுதுகிறேன்.

அக்கா

நவம்பர் 2

அக்கா,

நீ எழுதவே இல்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. ஆரஞ்சை வெட்டிய கையாலேயே தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று மஞ்சளாகப் பழுத்த ஒன்றை அப்பா தானே பறித்து உரித்தார். எலுமிச்சை அளவுதான். ஒரு சுளையைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துப்புவார் என்று கிண்ணத்தை நீட்டினேன். விழுங்கிவிட்டு, "பழுத்தாச்சுன்னு எழுது. ருசியை எழுதாதே" என்றார்.

இரண்டையும் எழுதிவிட்டேன்.

குண்டன்

நவம்பர் 13

குண்டா,

இருபதாம் தேதி காலை வந்துவிடுவேன்.

பழம் என்றது சாக்கு. சீக்கிரம் பழுக்காது என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் விழுந்தபோதுகூட அந்தச் சாக்குக்குள் ஒளிந்துகொண்டேன். எழுந்து நடக்க முடியாத அப்பாவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. ஒரு பழத்தைச் செடியிலேயே விட்டுவை. அவர் எதிரில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் நான் தின்ன வேண்டும்.

சர்க்கரை எடுத்துவைக்காதே.

அக்கா